அப்பா எழுதிய தோட்ட வரலாறு கூகுளில் ஏன் வரவில்லை? நீளமான பக்கத்தைப் பிரித்து அடுக்கும் விதம்

கேள்வி இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கு எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் எழுதி வைத்திருந்தார். மகன் அதை ஓர் இணையத்தளத்தில் ஒரே பக்கமாக ஏற்றியிருக்கிறார், ஏறக்குறைய 9,000 சொல். தோட்டத்தின் பெயரைத் தட்டினால்கூட கூகுளில் வருவதில்லை. ஒருவர் “நீளமாக இருந்தால்தான் மேலே வரும், இன்னும் சேர்” என்கிறாராம். இன்னொருவர் “முந்நூறு முந்நூறு சொல்லாக வெட்டிப் போடு” என்கிறாராம். எது சரி?

இரண்டுமே சரியில்லை தம்பி. இத்தனை சொல் இருந்தால் மேலே வரும் என்று ஒரு கணக்கே கிடையாது, குறைந்த அளவும் இல்லை, உச்ச அளவும் இல்லை என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் பக்கத்தின் சிக்கல் வேறு. அதில் பத்துப் பதினைந்து தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுகூடத் தெரியவில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், வரிசையாக இருக்கும் வீடுகளுக்கு நம்பர் போடாமல் விட்டால் தபால்காரர் என்ன செய்வார், அதே நிலைமைதான். எந்தக் கேள்வியோடு ஒருவர் வருகிறாரோ அந்தக் கேள்விக்கு ஒரு வாசல் இருக்க வேண்டும். நீளம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் பிரிப்பதற்கு முன் இரண்டு சோதனை. இவற்றில் தவறினால் மற்ற வேலையெல்லாம் வீண்.

முதலாவது, அந்தப் பக்கம் கூகுளின் அட்டவணையில், அதாவது அது படித்துச் சேர்த்துவைத்த பக்கங்களின் தொகுப்பில், இருக்கிறதா என்று பாருங்கள். சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் உங்கள் தளத்தைப் பதிவு செய்து, பக்கத்தின் முகவரியைப் போட்டால் இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிடும். இல்லையென்றால் அது தரவரிசைப் பிரச்சினையே அல்ல. தளத்தை அமைத்தபோது “தேடுபொறிகளுக்குக் காட்டாதே” என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, எழுத்துரு. அப்பா எப்போது தட்டச்சு செய்தார்? நம் நாட்டில் தமிழ்க் கணினி என்றால் முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருள்தான் பலருக்கும் முதல் அறிமுகம். அந்தக் காலக் கோப்புகள், இன்று எல்லாக் கணினியும் கைப்பேசியும் படிக்கும் ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லாமல் பழைய குறியாக்கங்களில் இருக்கலாம். அதற்குரிய எழுத்துருவைப் போட்டால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கோ அது புரியாத குறிகளின் குவியல். கூகுளும் அதைத் தமிழாகப் படிக்காது. சோதிப்பது சுலபம். பக்கத்திலிருந்து ஒரு வரியை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக விழுந்தால் நல்லது. கோணல்மாணலாக விழுந்தால் முதலில் மாற்றிக்கொடுக்கும் கருவி ஒன்றில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம் ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்த வேண்டும். சில பகுதிகளைக் கையெழுத்துத் தாளாகவே படம் பிடித்து ஏற்றியிருந்தாலும் இதே கதைதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி உட்கார முடியாது, தட்டச்சு செய்துவிடுங்கள். படம் பக்கத்தில் சான்றாக இருக்கட்டும்.

சரி, இனிப் பிரிப்பது.

பெரும்பாலோர் அத்தியாய வரிசைப்படி வெட்டுவார்கள்: பாகம் 1, பாகம் 2, பாகம் 3. இது எழுதியவருக்கு வசதி, தேடுபவருக்கு எந்தப் பயனும் இல்லை. “தோட்ட வரலாறு பாகம் 4” என்று உலகத்தில் யாரும் தேடமாட்டார்கள். எனவே கத்தியை எடுக்கும் முன் ஒரு தாளை எடுத்து, யார் யார் என்ன கேட்டு வருவார்கள் என்று எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் என் ஊகம் இப்படி. கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பேரப்பிள்ளை ஒருவர், தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயரை மட்டும் தட்டுவார். பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்கு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக மலாயாவில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலத்தைப் பற்றி எழுத வேண்டிய மாணவர், 1948இல் சுங்கை சிப்புட்டில் என்ன நடந்தது என்று தேடுவார். அவர் பெரும்பாலும் மலாயில்தான் தேடுவார், அதைப் பிறகு பார்ப்போம். கோயில் திருவிழாவுக்கு வர நினைப்பவருக்குக் கோயில் இப்போது எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதும். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பற்றியும் அவர் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் பற்றியும் தேடுபவர்கள் தனிக் கூட்டம். பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது), ஆயாக் கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பால்வெட்டு (ரப்பர் மரத்தில் பால் எடுப்பது) என்று அந்தக்கால வாழ்க்கையைக் கேட்டு வருபவர்கள் இன்னொரு கூட்டம்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம். சர்ச் கன்சோலில் உங்கள் தளம் எந்தெந்தத் தேடலுக்கு யார் கண்ணிலாவது பட்டது என்ற பட்டியல் இருக்கும், 16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். முப்பதாவது நாற்பதாவது இடத்தில் வந்து, ஒருவரும் சொடுக்காத தேடல்கள்தான் உங்களுக்குத் தங்கம். கூகுள் “உங்களிடம் இது இருக்கும்போலத் தெரிகிறது, ஆனால் உறுதியாகத் தெரியவில்லை” என்று சொல்லும் இடங்கள் அவை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் என்ன கேட்கிறார்கள் என்றும் கவனியுங்கள். கருவிகள் தராத கேள்வி அங்கே கிடைக்கும்.

தாள் நிரம்பியதும் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு விஷயம் பாருங்கள். இதை ஒருவர் தனியாகத் தேடுவாரா? அதற்குச் சொல்ல உங்களிடம் போதுமான சரக்கு இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் தனிப் பக்கம். தேடுவார், ஆனால் உங்களிடம் இரண்டு வரிதான் இருக்கிறது என்றால் பெரிய பக்கத்துக்குள் ஒரு பகுதி. தேடவே மாட்டார், ஆனால் அப்பாவுக்கு அது முக்கியம் என்றால், அதுவும் பெரிய பக்கத்திலேயே இருக்கட்டும், எடுக்க வேண்டாம்.

எடுத்துக்காட்டாக எல்பில் தோட்டம். 1948 ஜூன் 16 அன்று அதன் நிர்வாகி ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18க்குள் மலாயா முழுவதும் அவசரகாலம். உங்கள் அப்பா இதைத் தோட்டத்தின் கதைக்குள் நடுவில் மூன்று பத்தியாக எழுதியிருப்பார், அது இயல்புதான். ஆனால் தேடுபவர்கள் இரண்டு வகை. சம்பவத்தைத் தேடுபவருக்கு லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது வேண்டாம். எல்பிலில் பிறந்தவருக்குச் சம்பவம் ஏற்கெனவே தெரியும், அவருக்கு வேண்டியது பள்ளிக்கூடமும் கோயிலும் பழைய படமும். எனவே “1948 ஜூன் 16, சுங்கை சிப்புட்” ஒரு பக்கம், “எல்பில் தோட்டம்” ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும்.

கூட்டுறவுச் சங்கமும் இதே போல. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்க, வேலையும் வீடும் போன தொழிலாளர்களுக்காகத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம், 1961இல். இது நாடு தழுவிய செய்தி. உங்கள் ஊர்ப் பக்கத்துக்குள் புதைந்து கிடந்தால் அலோர் ஸ்டாரிலிருந்து தேடுபவருக்கு எப்படி அகப்படும்? தனிப் பக்கம் கொடுங்கள். அப்பா அந்தக் காலத்தில் பங்குப்பணம் பிடித்த கணக்கை எழுதியவராக இருந்தால் இன்னும் நல்லது. அது வேறு எந்தத் தளத்திலும் இருக்காது.

மாறாக, தோட்ட வாழ்க்கையின் ஒரு நாள் பற்றிய பகுதியை வெட்டாதீர்கள். விடியுமுன் பெரட்டு, பால்வெட்டு, மதியம் பால் நிறுத்து எடுப்பது, சாயங்காலம் கடை, இரவு கூத்து. அதைப் படிப்பவர் முழுதாகப் படிக்க வருகிறார். மூவாயிரம் சொல் இருந்தாலும் ஒரே பக்கமாக இருக்கட்டும். நீளமான பக்கம் பிழையில்லை, பல கேள்விகளைக் கலந்த பக்கம்தான் பிழை.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நம்மவர்கள் அடிக்கடி விழுவது. “தோட்டத்துக்கு ஒரு பக்கம்” என்று ஆரம்பித்து, தகவல் இல்லாத தோட்டங்களுக்கும் பக்கம் திறந்து, ஒரே பத்தியைப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவது. இப்படி முப்பது பக்கம் செய்தால் தளம் பெரிதாகாது, நீர்த்துப்போகும். தேடலுக்காக மட்டும் உண்டாக்கிய பக்கங்களைக் கீழே தள்ளுவதற்கென்றே கூகுள் 2022இல் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, 2024 மார்ச்சில் அதைத் தன் அடிப்படைத் தரவரிசைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. இரண்டு வரி மட்டுமே தெரிந்த தோட்டங்களை அகரவரிசையில் ஒரே பக்கத்தில் அடுக்குங்கள். பெயர், எந்தச் சாலை, இப்போது செம்பனையா வீடமைப்பா, அவ்வளவுதான். யாராவது படித்துவிட்டு மேலும் தகவல் அனுப்பினால் அப்போது தனிப் பக்கம் திறக்கலாம்.

இனி ஒரு பக்கத்துக்குள்ளே.

உங்கள் அப்பாவின் தலைப்புகளைப் பார்த்தேன்: “விடியலைத் தேடி”, “கண்ணீரில் நனைந்த மண்”, “மறக்க முடியுமா?” அழகுதான், வாரப் பத்திரிகையில் வாசித்து வளர்ந்த தலைமுறையின் கை. ஆனால் இவற்றை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று மனிதருக்கே தெரியாது, இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அவர் தலைப்பைத் தூக்க வேண்டாம், பக்கத்தில் சாதாரணமான ஒன்றைச் சேருங்கள். “விடியலைத் தேடி: கூட்டுறவுச் சங்கம் தோன்றிய கதை, 1960”. “கண்ணீரில் நனைந்த மண்: தோட்டத் துண்டாடலில் வேலை இழந்தவர்கள்”. இவ்வளவு செய்தாலே பாதி வேலை முடிந்தது.

தலைப்பைத் தலைப்பாகவே குறியிடுங்கள். எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற நிலைகள் வரிசை பிசகினால் கூகுள் தண்டிக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை, கூகுளே அதைச் சொல்லிவிட்டது. ஆனாலும் வரிசையாக வையுங்கள். கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பான் வழியாகத் தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் படிக்கிறார்கள். வயதான வாசகர்கள் அதிகம் உள்ள தளத்தில் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

நீளமான பக்கத்தின் நடுவில் இருக்கும் ஒரு பத்தியை மட்டும் அடையாளம் கண்டு தரவரிசையில் கொண்டுவரும் வழியைக் கூகுள் 2020 அக்டோபரில் அறிவித்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க ஆங்கிலத் தேடலில் அதைத் தொடங்கியது. “அப்படியானால் பிரிக்கவே வேண்டாமே” என்று கேட்பார்கள். அப்படி இல்லை. தெளிவான தலைப்பும், தலைப்புக்குக் கீழே தன்னந்தனியாகப் படித்தாலும் புரியும் பத்தியும் இருந்தால்தான் எந்த இயந்திரமும் சரியாகப் பிடிக்கும். “மேலே சொன்னபடி அவர் அங்கே போனபோது” என்று தொடங்கும் பத்தியை எடுத்து யாருக்குக் காட்டுவது? யார், எங்கே, எப்போது என்பதை ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

முதல் பத்திக்கு நேரம் செலவிடுங்கள். இப்போது உங்கள் பக்கம் இப்படித் தொடங்குகிறது: “காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பச்சைப் பசேலென்ற பால்மரங்களுக்கு நடுவே…” ஆறு வரி போன பிறகுதான் தோட்டத்தின் பெயர் வருகிறது. எல்பில் பக்கத்துக்கு நான் எழுதினால்:

“எல்பில் தோட்டம் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்த ரப்பர் தோட்டம். 1948 ஜூன் 16 அன்று இதன் நிர்வாகி ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து இப்பெயர் நாடெங்கும் தெரிந்தது. இந்தப் பக்கம் அந்தச் சம்பவத்தைவிட, தோட்டத்து லயங்கள், பள்ளி, கோயில், வேலை முறை ஆகியவற்றைப் பற்றியது. இந்த வட்டாரத்தில் கிராணியாக வேலை செய்த ஒருவர் எழுதியது.”

பச்சைப் பசேல் இரண்டாம் பத்தியில் வரட்டும், ஆட்சேபம் இல்லை.

அடுத்து, பெயர் எழுதும் விதம். ஒரே தோட்டத்தை ஒருவர் எல்பில் என்றும் இன்னொருவர் எல்ஃபில் என்றும் மூன்றாமவர் ஆங்கில எழுத்திலும் தட்டுவார். லயத்துக்காரர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று தனியாக இருக்கும். இவற்றை ஒரே ஒரு வாக்கியத்தில் இயல்பாகச் சொன்னால் போதும்: “இதைச் சிலர் இப்படி எழுதுவார்கள், ஊரில் இப்படிக் கூப்பிடுவார்கள்” என்று. பக்கத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் ஐம்பது முறை ஒளித்து வைப்பது பழைய திருட்டுத்தனம், மாட்டிக்கொள்வீர்கள். வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் நிரலில் முக்கியச் சொற்களைப் பட்டியலிடும் மறைகுறி ஒன்று உண்டே, அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லியாயிற்று. அதை நிரப்பித் தருகிறேன் என்று வெள்ளி கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

மலாயில் தேடும் மாணவரைப் பிடிக்க வேண்டுமானால் 1948 பக்கத்துக்கு மட்டும் ஒரு மலாய்ப் பக்கம் எழுதுங்கள், இயந்திர மொழிபெயர்ப்பாக இல்லாமல் ஒரு மனிதர் எழுதியதாக. இரண்டும் ஒன்றின் மொழிவடிவம் மற்றொன்று என்று குறியிடலாம். தமிழ்ப் பக்கத்துக்குள்ளேயே பத்திக்குப் பத்தி மலாயை இடையில் சொருகினால் இரண்டு வாசகருக்கும் இடைஞ்சல். முழுத் தளத்தையும் மொழிபெயர்க்கும் ஆசை வேண்டாம், முடிக்கமாட்டீர்கள்.

பக்கத்தின் இணைய முகவரியில் தமிழ் எழுத்து வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூகுளுக்குப் பிரச்சினையில்லை. பகிரும்போதுதான் தொல்லை. நகலெடுத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். “தோட்டம்” என்ற ஒரு சொல்லே 63 எழுத்து. “சுங்கை சிப்புட் தோட்டங்கள்” 200ஐத் தாண்டிவிடும். வாட்ஸ்அப்பில் அதைப் பார்க்கும் அத்தை ஏதோ மோசடி என்று நினைத்துத் தொடமாட்டார். தலைப்பு தமிழில், முகவரி சின்ன ஆங்கில எழுத்தில். அது போதும்.

உள்ளே இணைப்புக் கொடுக்கும்போது “இங்கே சொடுக்கவும்” என்று எழுதாதீர்கள். “எல்பில் தோட்டத்துக் கோயில்” என்ற சொற்களிலேயே இணைப்பை வையுங்கள். போகும் இடம் எது என்பதை வாசகரும் கூகுளும் அந்தச் சொற்களை வைத்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். நீளமான பக்கத்தின் தலையில் ஒரு பொருளடக்கம் போட்டு, தட்டினால் அந்தப் பகுதிக்குத் தாவும்படி செய்யலாம். வாசகருக்கு நல்ல உதவி. ஆனால் தாவும் இடங்களைக் கூகுள் தனித்தனிப் பக்கமாக எண்ணாது. அதைப் பிரித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வேகம் பற்றிச் சுருக்கமாக. கூகுள் கைப்பேசிப் பதிப்பைத்தான் படிக்கிறது. ஸ்கேன் செய்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், தோட்டப்பக்கம் சிக்னல் இரண்டு கோடு காட்டும் இடத்தில் அவை திறக்கவே திறக்காது. பெரிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அளவுகோல். படங்களைச் சுருக்குங்கள், கீழே யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று குறிப்பு எழுதுங்கள். படத்தேடலில் வருபவர்கள் அந்தக் குறிப்பால்தான் வருவார்கள்.

கேள்வி-பதில் குறியீடு போட்டால் தேடல் முடிவில் விரிந்து தெரியும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அதைப் பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. விட்டுவிடுங்கள்.

அந்த நேரத்தை எழுதியவரைப் பற்றிய பக்கத்துக்குக் கொடுங்கள். உங்களிடம் பெரிய தளங்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: அங்கேயே வேலை செய்தவரின் நேரடி அனுபவம். கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் அனுபவம் என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. அப்பா எந்த ஆண்டு முதல் எந்தத் தோட்டத்தில், என்ன வேலை என்பதைச் சொல்லுங்கள். எது அவர் கண்ணால் கண்டது, எது கேட்டது, எது பத்திரிகையில் வந்தது என்று அந்தந்த இடத்திலேயே பிரித்துக் காட்டுங்கள். உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை எண், பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) பக்கத்தின் படம் இவற்றை மட்டும் ஏற்ற வேண்டாம்.

கடைசியாக, பிரிக்கும்போது பழைய பக்கத்தை அழித்துவிடாதீர்கள். அந்த முகவரிதான் இத்தனை நாளாகச் சொந்தக்காரர்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே முகவரியில் அதை வாசல் பக்கமாக மாற்றுங்கள்: ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கைந்து வரி, அங்கிருந்து தனிப் பக்கத்துக்கு இணைப்பு. முழுப் பகுதியை இரண்டு இடத்திலும் வைக்க வேண்டாம், எதைக் காட்டுவது என்று கூகுள் குழம்பும். ஏதாவது ஒரு பக்கத்தின் முகவரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்புதல் போட்டு, குறைந்தது ஓராண்டாவது அதை விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாமல், எல்பிலையும் 1948ஐயும் முதலில் பிரித்து, சில வாரம் கழித்து சர்ச் கன்சோலில் அந்த இரண்டு பக்கத்துக்கு எந்தத் தேடல்கள் வருகின்றன என்று பாருங்கள். அடுத்து எதைப் பிரிப்பது என்பதை அந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்யலாம்.